பெண் கேட்ட இடத்தில் கட்டிய கண்ணீர் அஞ்சலி

பிள்ளைகளே, உயிரோடு இருக்கிற ஒரு மனிதருக்குக் கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டியவன் உங்கள் அப்பா. இந்தக் கதையை உங்கள் தாத்தா வாயால் நீங்கள் பலமுறை கேட்டிருப்பீர்கள். ஒவ்வொரு முறையும் அவர் கொஞ்சம் ஆட்களைச் சேர்த்துக்கொண்டே போகிறார். (போன தீபாவளிக்குச் சொன்னபோது வாத்தியக் குழு இரண்டு வந்ததாகச் சொன்னார். ஒன்றுகூட வரவில்லை.) என் பக்கத்தையும் யாராவது எழுதிவைக்க வேண்டும் அல்லவா, அதற்காக எழுதுகிறேன். என் பக்கத்தில் நியாயம் இருக்கிறதா என்று கேட்காதீர்கள். பக்கம் இருக்கிறது, அவ்வளவுதான்.

அப்போது ஃப்ளெக்ஸ் பேனர் நம் ஊருக்குப் புதிது. நான் உப்பளம் பகுதியில் பாஸ்கர் அண்ணன் பேனர் கடையில் வேலை பார்த்தேன். பத்தாவது முடித்துவிட்டு ஆறு மாதம் கம்ப்யூட்டர் கோர்ஸ் போனவன். ஆனால் என்னைப் பற்றி நான் வைத்திருந்த அபிப்பிராயம் ஒரு கல்லூரி முதல்வர் தன்னைப் பற்றி வைத்திருப்பதைவிடக் கொஞ்சம் அதிகம். காதுகுத்து, பிறந்த நாள், மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி எல்லாம் என் கையால்தான் நடந்தது. பேனரில் நடுவே பெரிய படம் இருக்கும். அடியில், யார் யார் சேர்ந்து வைக்கிறார்களோ அவர்கள் முகமெல்லாம் தபால்தலை அளவில் வரிசையாக இருக்கும். பெரிய படத்தை யாரும் பார்க்க மாட்டார்கள். தங்கள் முகம் சரியாக வந்திருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள்.

அந்த நாளில் தொலைக்காட்சியில் ‘பண்டகசாலை’ என்று ஒரு தொடர் வந்துகொண்டிருந்தது. திங்கள் முதல் வெள்ளி வரை, சாயந்திரம் ஏழரைக்கு. பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் கப்பலில் துணி ஏற்றுமதி செய்கிற ஒரு கம்பெனி, அதன் ஆபீஸ், அதில் வேலை செய்கிற பத்துப் பதினைந்து பேர். இதுதான் கதை. தலைப்பாகையும் நீளக் கோட்டும் போட்டு, காதில் பேனா செருகிக்கொண்டு வருகிற பெரிய குமாஸ்தா அருணகிரிதான் எல்லோருக்கும் உயிர். துரை தப்பு செய்தால்கூட எழுந்து நின்று, “இது முறையல்ல” என்று மூன்றே சொல்லில்... இல்லை, இரண்டே சொல்லில் சொல்லிவிட்டு உட்காருவார். ஊரே கைதட்டும். தெருக் காட்சிகளை நம் ஊர் வெள்ளைக்காரத் தெருக்களில்தான் எடுத்தார்கள். அதனால் நம் ஊர்க்காரர்கள் அந்தத் தொடரைச் சொந்த வீட்டுக் கல்யாண வீடியோ மாதிரிப் பார்த்தார்கள். “அந்தக் காலத்துல ஏதுடா கேபிள் ஒயரு, பாரு செவுத்துல தொங்குது” என்று குற்றமும் அவர்களே கண்டுபிடிப்பார்கள். வெளியூர்க்காரன் யாராவது அதைச் சொன்னால் சண்டைக்கும் போவார்கள்.

இப்படி மூன்று வருடம் ஓடி, தொடர் கடைசிப் பாகத்துக்கு வந்தபோதுதான் எனக்குப் பெண் பார்த்தார்கள்.

பெண் உங்கள் அம்மா. லாஸ்பேட்டையில் அரசுக் குடியிருப்பில் வீடு. அப்பா வேதாசலம், அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளர். உங்கள் தாத்தாவை எனக்கு அதற்கு முன்பே தெரியும், நேரில் அல்ல, கம்ப்யூட்டரில். அவர் வேலைக்குச் சேர்ந்து முப்பது வருடம் ஆனதற்கு அவர் ஆபீஸ்காரர்கள் எங்கள் கடையில் ஒரு வாழ்த்து பேனர் அடித்திருந்தார்கள். தாத்தாவுக்கு அருணகிரி மாதிரியே மூக்கு, அருணகிரி மாதிரியே மீசை. ஆபீஸ் ஆண்டு விழாவில் தலைப்பாகையும் கோட்டும் போட்டு நின்ற படத்தைக் கொடுத்து, ‘எங்கள் அருணகிரி ஐயா’ என்று எழுதச் சொன்னார்கள். ஆபீசில் அவருக்கு அதுதான் பெயர். அவருக்கும் அதில் உள்ளூரப் பெருமை.

பெண் பார்க்கப் போனோம். கேசரி சாப்பிட்டோம். உங்கள் அம்மா தலையை நிமிர்த்தவே இல்லை. என் அம்மா மெதுவாக, “அப்போ ஒரு முடிவு சொன்னீங்கன்னா...” என்று இழுத்தார்.

உங்கள் தாத்தா கடிகாரத்தைப் பார்த்தார். ஏழு இருபது.

“ஒரு நேரத்துல ஒரு விஷயந்தாம்மா எனக்கு மனசுல நிக்கும். பண்டகசாலை முடியட்டும். முடிஞ்ச ஞாயித்துக்கெழம சொல்றேன்” என்றார்.

என் அம்மா, அது ஏதோ சொந்தக்காரர் கட்டுகிற கட்டடம் என்று நினைத்துக்கொண்டு, “நல்லபடியா முடியட்டுங்க” என்று வாழ்த்திவிட்டு வந்தார்.

அன்றிலிருந்து அந்தத் தொடரை நான் பார்த்த மாதிரி யாரும் பார்த்திருக்க முடியாது. தெருவே அது முடியக் கூடாது என்று வேண்டியது. அதைச் சீக்கிரம் முடித்துவிடு சாமி என்று வேண்டிய ஒரே ஆள் நான். ‘இறுதிக் கட்டம்’ என்று போட்டார்கள். மூன்று வாரம் போனது. ‘பரபரப்பான இறுதிக் கட்டம்’ என்று போட்டார்கள். இன்னும் இரண்டு வாரம் போனது. ஒரு கடிதத்தைப் பிரித்துப் படிக்க அருணகிரிக்கு இரண்டு நாள் ஆனது. எனக்கு வயது ஏறிக்கொண்டே இருந்தது.

ஒருவழியாகக் கடைசி வாரம் வந்தது. அந்தத் திங்கட்கிழமை, யாரும் எதிர்பார்க்காத விதமாக, அருணகிரி ஆபீஸ் மேசையிலேயே தலைசாய்ந்து இறந்துபோனார்.

செவ்வாய் காலை ஊர் இருந்த இருப்பை எப்படிச் சொல்வேன். எங்கள் கடைக்கு எதிரே மீன் விற்கிற அஞ்சலை அக்கா, தேங்காய்த்திட்டு மீன் துறைமுகத்திலிருந்து கொண்டுவந்த கூடையை இறக்கியதுமே ஆரம்பித்துவிட்டார்.

“அந்த மனுசன் இன்னா பாவம் பண்ணாரு? நாளைக்கு ரிட்டேடு ஆவப்போறவர இன்னிக்கு சாவடிக்கிறியே, நீ நல்லாருப்பியா? இந்தக் கதைய எழுதுனவன் என்கிட்ட மீன் வாங்க வரட்டும். செவுளப் புடிச்சு ஆய்ஞ்சுடுறேன்.”

“அக்கா, வஞ்சிரம் எப்படி?” என்று கேட்ட வாடிக்கையாளரிடம், “இன்னிக்கு அத்தப் பத்திப் பேசாத” என்றார். எதைப் பற்றி என்று அந்த ஆள் கேட்கவில்லை.

லாஸ்பேட்டையில் உங்கள் தாத்தா இரண்டு நாளாக ஒழுங்காகச் சாப்பிடவில்லை. ஆபீஸ் போனார், யாரிடமும் பேசவில்லை. மூன்றாம் நாள் பாட்டியிடம், “இப்படி மேசையிலயே சாவுறது ஒரு கொடுப்பினை” என்றாராம். பாட்டி, “எழுந்திரிச்சு சாப்புடுங்க, மேசையத் தொடைக்கணும்” என்றாராம். (இதெல்லாம் உங்கள் அம்மா பிறகு சொன்னது.)

வியாழக்கிழமை அஞ்சலை அக்காவும், எங்கள் தெரு டீக்கடைக்காரரும், இன்னும் ஏழெட்டுப் பேரும் கடைக்கு வந்து நின்றார்கள். அருணகிரிக்குக் கண்ணீர் அஞ்சலி பேனர் வைக்க வேண்டும் என்றார்கள். பாஸ்கர் அண்ணன் சிரிக்கவில்லை. அவரும் அழுதவர்தான். “பத்தடிக்கு எட்டடி போட்டுடு” என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

படம் வேண்டுமே. டிவியில் அருணகிரி வருகிறபோது கேமராவால் எடுத்துப் பார்த்தோம். முகத்தின் மேல் பட்டை பட்டையாகக் கோடு. அருணகிரி சிறையில் இருக்கிற மாதிரி இருந்தது. அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. இன்றைக்கும் அந்த நொடியை நினைத்தால் நாற்காலியைப் பிடித்துக்கொள்கிறேன்.

தாத்தாவின் தலைப்பாகைப் படம் கம்ப்யூட்டரில் தூங்கிக்கொண்டிருந்தது. பளிச்சென்ற படம். மூக்கு அதே மூக்கு. அருணகிரியின் இடத்தில் தன் முகத்தைப் பத்துக்கு எட்டில் பார்த்தால் அந்த மனிதர் எப்படிப் பூரித்துப்போவார்! ஞாயிற்றுக்கிழமை ‘முடியாது’ என்று சொல்ல அவருக்கு வாய் வருமா? இப்படி யோசித்தேன். கண்ணீர் அஞ்சலியில் தன் முகத்தைப் பார்த்துப் பூரிக்கிற மனிதன் உலகத்தில் உண்டா என்று மட்டும் யோசிக்கவில்லை.

பேனர் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக எதையும் செய்ய மாட்டோம். பழைய ஃபைலைத் திறந்து, மாற்ற வேண்டியதை மட்டும் மாற்றுவோம். நான் அந்த முப்பது வருட வாழ்த்து பேனரைத் திறந்தேன். ‘வாழ்த்துகிறோம்’ என்பதை எடுத்துவிட்டு ‘கண்ணீர் அஞ்சலி’ போட்டேன். ரோஜாவை எடுத்துவிட்டு மெழுகுவத்தி வைத்தேன். ‘எங்கள் அருணகிரி ஐயா’ என்று ஏற்கெனவே இருந்தது, வேலை மிச்சம். அடியில் ‘இப்படிக்கு, அலுவலக நண்பர்கள், லாஸ்பேட்டை’ என்றும் ஏற்கெனவே இருந்தது. அது என் கண்ணில் படவே இல்லை. ஏன் என்றால் நான் எங்கள் முகங்களை வரிசையாக வைப்பதில் மும்முரமாக இருந்தேன். அஞ்சலை அக்கா, டீக்கடைக்காரர், மற்றவர்கள், நட்டநடுவில் நான். என்னிடம் இருந்தது ஒரே ஒரு நல்ல படம். ஜாதகத்தோடு பெண் வீட்டுக்குக் கொடுத்தனுப்பிய அதே ஸ்டுடியோ படம். அதில் எல்லாப் பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டிருப்பேன்.

உப்பளத்துக்கு ஒன்று கேட்டார்கள். நான் இரண்டு அடித்தேன்.

வெள்ளிக்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்கு, அண்ணனின் மொபெட்டில் போய், இரண்டாவது பேனரை உங்கள் அம்மா வீட்டுத் தெருமுனையில் இரண்டு மரங்களுக்கு நடுவே இழுத்துக் கட்டினேன். தாத்தா தினமும் ஐந்தரைக்குப் பால் வாங்க அந்த வழியாகத்தான் வருவார். அவர் முகம் மலர்வதைப் பார்க்க எதிரே டீக்கடையில் உட்கார்ந்தேன்.

ஐந்தரைக்கு அவர் வரவில்லை. ராத்திரியெல்லாம் அருணகிரியை நினைத்துப் புரண்டுவிட்டு அப்போதுதான் கண் அயர்ந்திருக்கிறார். அவருக்குப் பதிலாகப் பால்கார அம்மாதான் வந்தார். பேனரைப் பார்த்தார். எழுத்தெல்லாம் படிக்கவில்லை. படத்தைப் பார்த்தார், மெழுகுவத்தியைப் பார்த்தார், சைக்கிளை அங்கேயே போட்டுவிட்டு, “ஐயோ, நேத்துகூட பால்ல தண்ணின்னு திட்டினாரே” என்று ஓடினார்.

நம் பக்கத்தில் சாவு வீட்டுக்காரர்களை யாரும் எதுவும் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள். அவர்களைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று அக்கம்பக்கத்தார் தாங்களாகவே எல்லாம் செய்துவிடுவார்கள். பேனரைப் படிக்கத் தெரிந்தவர்களும் வந்தார்கள். அருணகிரி ஐயா, அலுவலக நண்பர்கள், லாஸ்பேட்டை. இதைவிட என்ன ஆதாரம் வேண்டும்? ஆறேகாலுக்குச் சாமியானா வந்தது. ஆறரைக்கு பிளாஸ்டிக் நாற்காலிகள். ஆபீஸ் நண்பர்கள் மாலையோடு வந்தார்கள். தங்கள் பெயரில் யார் பேனர் அடித்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. ஒவ்வொருவரும் மற்றவர் அடித்தது என்று நினைத்துக்கொண்டார். ஏழு மணிக்கு ஐஸ் பெட்டி ஏற்றிய வண்டி ஒன்று பின்பக்கமாகவே வந்து வாசலில் நின்றது.

இதெல்லாம் என் கண்ணெதிரே நடந்தது. நான் என்ன செய்தேன்? இன்னொரு டீ சொன்னேன். அரசுக் குடியிருப்பில் எல்லா வீடும் ஒரே மாதிரி. அந்தத் தெருவில் யாரோ இறந்துவிட்டார்கள், பாவம், இந்த நேரத்தில் போய் நம் பேனரைக் கட்டிவிட்டோமே என்று வருத்தப்பட்டேன்.

அப்போதுதான் வீட்டுக் கதவு திறந்தது. லுங்கியும் பனியனுமாக, வாயில் பிரஷ்ஷோடு உங்கள் தாத்தா வெளியே வந்தார். வாசலில் நாற்பது பேர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். பிரஷ்ஷை எடுத்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

“யாருப்பா போயிட்டாங்க?”

மாலையோடு நின்ற பியூன், முப்பது வருடம் அவர் கேட்டதற்கெல்லாம் உடனே பதில் சொல்லிப் பழகியவர், பழக்க தோஷத்தில் சொல்லிவிட்டார்.

“நீங்கதான் சார்.”

ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அம்மாவுக்கு நடுவில் நிறுத்தத் தெரியவில்லை. அவரைப் பார்த்துக்கொண்டே அந்த அடியை முடித்துவிட்டுத்தான் மூக்கைத் துடைத்தார்.

அதன் பிறகு தாத்தா முன்னே நடக்க, நாற்பது பேரும் பின்னே வர, ஊர்வலம் தெருமுனைக்கு வந்தது. தன் சாவு ஊர்வலத்தில் தானே முன்னால் நடந்துபோனவர் உங்கள் தாத்தா. பேனரைக் கோப்பு படிக்கிற மாதிரி மேலிருந்து கீழ் வரை படித்தார். அடியில் இருந்த முகங்களுக்கு வந்தார். ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்து நடுவில் நின்றார். பிறகு திரும்பி டீக்கடையைப் பார்த்தார்.

“கீழ நடுவுல சிரிக்கிறது நீதான தம்பி?”

“ஆமாங்க சார்.”

“நான் செத்ததுக்கா சிரிக்கிற?”

“அது ஜாதகத்துக்கு எடுத்த போட்டோ சார்.”

இதைவிட முட்டாள்தனமான பதிலை நான் வாழ்க்கையில் சொன்னதில்லை. அருணகிரிக்காக வைத்தது, படம் சரியாக வரவில்லை, நீங்கள் சந்தோஷப்படுவீர்கள் என்று நினைத்தேன் என்று எல்லாவற்றையும் தலைகீழாகக் கொட்டினேன். ‘சந்தோஷப்படுவீர்கள்’ என்ற இடத்தில் ஆபீஸ் நண்பர் ஒருவர் தன் மாலையைக் கீழே போட்டார்.

“போய் உங்க அம்மாகிட்ட சொல்லிடு” என்றார் தாத்தா. குரலை உயர்த்தவே இல்லை. “ஞாயித்துக்கெழம வர வேணாம். என் பொண்ணுக்கு உன்னவிட மூளையுள்ள ஆளு கெடைப்பான்.”

அந்த நேரத்தில் கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. உங்கள் அம்மா. துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டு தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார். பெண் பார்த்த அன்று நிமிராத முகத்தை அப்போதுதான் முழுதாகப் பார்த்தேன். இந்தப் பெண் எனக்குக் கிடைக்கப்போவதில்லை என்பதும் அப்போதுதான் முழுதாக உறைத்தது. பேனரை அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டு வந்தேன். பத்துக்கு எட்டு பேனரைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு மொபெட் ஓட்டிப் பார்த்தால்தான் அந்த அவமானம் தெரியும். உப்பளத்து பேனரையும் இறக்கிவிட்டேன். அஞ்சலை அக்கா திட்டினார்.

அன்று சாயந்திரம் பண்டகசாலை கடைசி நாள். எனக்குப் பார்க்கவே மனமில்லை. ஆனால் கடை டிவி முன்னால் தெருவே உட்கார்ந்திருந்தது, எழுந்துபோக வழியில்லை.

என்ன காட்டினார்கள் தெரியுமா? அருணகிரியின் மேசைக்கு ஒரு புது ஆள் வருகிறான். பழைய மைக்கூட்டைத் தள்ளிவைக்கிறான். தன் மைக்கூட்டை வைக்கிறான். எழுத ஆரம்பிக்கிறான். மற்ற குமாஸ்தாக்கள் வேலை பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கேமரா மெதுவாகப் பின்னால் போகிறது. கடல் தெரிகிறது. வணக்கம் என்று போட்டுவிட்டார்கள்.

அடுத்து சோப்பு விளம்பரம் ஓடியது.

“அவ்ளோதானா?” என்றார் டீக்கடைக்காரர்.

“ஒரு மாலகூடப் போடலியே” என்றார் அஞ்சலை அக்கா. “ஒருத்தன் கண்ணுலகூட தண்ணி வர்லியே. மூணு வருசம் அந்த ஆபீச தலைல தூக்கினு திரிஞ்ச மனுசன். பேச்சுக்காவது ஒரு பூவு?”

பாஸ்கர் அண்ணன் மட்டும், “இல்லக்கா, வாழ்க்கைன்னா அப்படித்தான்னு காட்டுறாங்க” என்றார். அஞ்சலை அக்கா அவருக்கு ஒரு வாரம் மீன் தரவில்லை.

சனிக்கிழமை காலை கடை திறந்ததும் வாசலில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. உங்கள் தாத்தா. நான் மேசைக்குக் கீழே எதையோ தேடுகிற மாதிரி குனிந்தேன். ரொம்ப நேரம் தேடினேன். நிமிர்ந்தபோது அவர் எதிரே உட்கார்ந்திருந்தார். கையில் நாலு பக்கம், நுணுக்கி எழுதியது.

“இத டைப் பண்ணணும். டிவிக்காரங்களுக்கு அனுப்பணும்” என்றார். நேற்று நடந்தது எதையும் பேசவில்லை.

டைப் அடிக்க ஆரம்பித்தேன். அது கடிதமே அல்ல, அரசு மனு. ‘பொருள்: பண்டகசாலை தொடரின் இறுதிப் பகுதியில் பெரிய குமாஸ்தா அருணகிரிக்கு இழைக்கப்பட்ட அநீதி தொடர்பாக. பார்வை: வெள்ளிக்கிழமை மாலை ஏழரை மணி ஒளிபரப்பு.’ ஒன்று, இரண்டு என்று எண் போட்டுக் குற்றச்சாட்டுகள். சாவுக்கு விடுமுறை அறிவிக்காதது. இரங்கல் கூட்டம் நடத்தாதது. மைக்கூட்டை உரிய ரசீது இல்லாமல் அப்புறப்படுத்தியது.

நாலாவது பக்கத்துக்கு வந்தேன். அதில் இப்படி எழுதியிருந்தது:

‘எங்கள் ஊரில் உயிரோடு இருக்கும் ஒரு சாதாரண கண்காணிப்பாளருக்கே நேற்றுக் காலை ஏழு மணிக்குள் சாமியானாவும், நாற்பது நாற்காலியும், ஐஸ் பெட்டியும், மாலைகளும் வந்து சேர்ந்தன. எனது பியூன் கண்ணீர் விட்டதை நானே பார்த்தேன். தங்கள் அருணகிரிக்குத் தாங்கள் செய்யாத மரியாதையை, ஒரு பேனர் கடைப் பையன், தனக்குத் தெரிந்த அரைகுறை வேலையில், பத்துக்கு எட்டு அளவில் செய்திருக்கிறான்.’

‘ஒரு பேனர் கடைப் பையன்’ என்ற இடத்தில் கோடு போட்டு அடித்திருந்தது. மேலே சிவப்பு மையில் திருத்தம் இருந்தது. ஆபீசில் கோப்பு திருத்துகிற அதே சிவப்பு மை.

‘எனது வருங்கால மருமகன்.’

நான் திரையைப் பார்த்தேன். காகிதத்தைப் பார்த்தேன். அவரைப் பார்த்தேன்.

“இன்னா பாக்குற? இருக்கிறத அப்படியே அடி” என்றார் தாத்தா. “திருத்தினத மாத்தாம பழசையே விட்டுடாத, அதுதான உன் வழக்கம். நாளைக்கு உங்க அம்மாவக் கூட்டிட்டு வா. ஏழரைக்குள்ள வரணும்னு இல்ல, இனிமே ஏழரைக்கு எனக்கு வேலை ஒண்ணும் இல்ல.”

‘மருமகன்’ என்ற சொல்லை அடித்து முடிக்க அருணகிரி கடிதம் பிரித்த நேரம் ஆனது.

டிவிக்காரர்களிடமிருந்து பதில் வரவே இல்லை. மூன்று நினைவூட்டல் அனுப்பினார், மூன்றும் நான்தான் டைப் செய்தேன். கல்யாணத்துக்கு அந்த நாற்பது பேரும் வந்தார்கள். பியூன் என் கையைப் பிடித்துக்கொண்டு, “இந்த வீட்டுக்கு ரெண்டாவது தடவ மாலை வாங்கிட்டு வரேன் தம்பி” என்றார். மண்டபத்து வாசலில் பேனர் கிடையாது. அது பெண் வீட்டார் போட்ட ஒரே நிபந்தனை.

உங்கள் தாத்தா ஓய்வு பெற்று எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. இன்றைக்கும் வீட்டுக்குப் புதிதாக வருகிறவர் யாராவது மரியாதைக்கு, “ஐயாவுக்கு என்ன வயசு?” என்று கேட்டால் போதும். சாய்வு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல் சொல்வார்.

“உயிரோட இருந்தது அம்பத்தாறு வருசம். செத்து இதோட பதினேழு வருசம் ஆவுது.”

வந்தவர் காபி டம்ளரைப் பாதியில் வைத்துவிட்டுப் பயத்தோடு என்னைப் பார்ப்பார். ஆமாம் என்று நானும் தலையை ஆட்டுவேன். வேறு என்ன செய்ய, பேனர் அடித்தவன் நான்தானே.